காலி நாற்காலியில் என் மகள்

மண்ணிலிருந்து எடுப்பதைவிட அதிகமாக அதற்குத் திருப்பித் தரும் நிர்வாகம் எப்படி இருக்கும் என்று கம்பெனி அதிகாரிகளிடம் பேசுவது என் தொழில். மலைமேல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வட்டக்கானலில் ஒரு விடுதியில் முகாம் நடத்துவேன். வட்டமாக நாற்காலிகள் போட்டு ஒன்றை மட்டும் காலியாக விடுவோம். அது இனிமேல் பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு. எந்த முடிவானாலும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதட்டிப் பேசியே பழகியவர்கள்கூட அப்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெயின்ட் கம்பெனியின் அதிகாரிகள் வந்திருந்தார்கள். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. கணவருக்கு மதுரையில் வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிப்போய், ஓரமாகப் புத்தகத்தோடு உட்காரவைத்தேன்.

அவர்களுடைய பொது மேலாளர் கலகலப்பான மனிதர்.

“ஏன் மேடம், சேரைக் காயப் போட்டிருக்கீங்க? இந்த ஊர்ல துணியே காயல. பாப்பாவ உக்கார வைங்க, யார்கிட்டயோ பேசுன மாதிரியாவது இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன்.

“சொல்லும்மா, எங்ககிட்ட உனக்கு என்ன வேணும்?” என்றார் அவர். அந்தக் கேள்வியை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது நான்தான்.

“எங்க வீட்டுக்கு மேல மலைய வெட்டி லாட்ஜ் கட்டுறாங்க அங்கிள். மண்ணு சரிஞ்சு எங்க பின்பக்கச் செவுத்துல வந்து கெடக்கு. மழை பேஞ்சா ஷூ மாட்டிக்கிட்டுதான் படுக்கிறேன். ஓடணும்ல. அம்மாவுக்குத் தெரியாது.”

சரிந்த மண் எனக்குத் தெரியும். ஆள் வைத்து அள்ளிப் போட்டேன், நகராட்சியிலும் சொன்னேன். போர்வைக்குள் ஷூ இருந்தது தெரியாது.

“அங்க உங்க கம்பெனி போர்டுதான் வெச்சிருக்காங்க. நீங்க சொன்னா நிறுத்துவாங்களா?”

“நாங்க பெயின்ட் சப்ளை பண்றதோட சரி பாப்பா. கட்டுறது வேற பார்ட்டி.”

“அப்ப சப்ளை பண்ணாதீங்க.”

ஒருவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். ஒரு பெண் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகாமிலேயே இதுதான் சிறந்த பகுதி என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார்கள். லாட்ஜ் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் என் வாடிக்கையாளர்கள், நானும் பேசவில்லை.

மறுவாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சென்னையில் ஆண்டுக் கூட்டமாம், மகள் வந்து பேச வேண்டுமாம். “அந்த ஷூ விஷயத்த மறக்காம சொல்லச் சொல்லுங்க மேடம். ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு.”

மகளுக்கு ஒரே ஆசை. “போவோம்மா. அங்க முதலாளியே இருப்பாருல்ல? சொன்னா நிறுத்திருவாரு.”

“கைதட்டுவாங்க கண்ணு.”

“அப்புறம்?”

எத்தனையோ கம்பெனிகளின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையைக் காரணம் காட்டிக் கம்பெனிக்கு மறுத்துவிட்டேன். அந்த மாதமே அவளை ஒட்டன்சத்திரத்தில் என் அக்கா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளியில் சேர்த்தேன். வாழும் இடத்தைக் கைவிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் என் பிள்ளையை மலையிலிருந்து இறக்கிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

நேற்றுக் காலை போனில் பேசினாள்.

“பெரியம்மா வெள்ளனே எழுப்பி விட்டுர்றாங்கம்மா. ஆனா நல்லாத் தூங்குறேன். நீங்க எப்ப எறங்கி வர்றீங்க?”

“அடுத்த முகாம் முடியட்டும்.”

“அது என்னம்மா சத்தம்? பொக்லைனா?”

“ரோட்டுல லாரி போகுது” என்றபடி எழுந்துபோய்ப் பின்பக்க ஜன்னலைச் சாத்தினேன்.