ஆட்சேபம் எதுவும் வரவில்லை

சர்வதேச நிறுவனங்களில் மௌன நடைமுறை என்று ஒன்று உண்டு. ஒரு முடிவின் வரைவை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பி, நேரமும் குறித்துவிடுவார்கள். அதற்குள் எவரும் வாய் திறக்காவிட்டால் அது நிறைவேறிவிடும். சர்வதேச உறவுகளும் அறவியலும் கற்பித்த காலம் முழுவதும் இதை வகுப்பில் கடுமையாகத் திட்டியிருக்கிறேன். பயந்த நாடும் பேசாமல் இருக்கும், பிறரை நம்பி வாழும் நாடும் பேசாமல் இருக்கும். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது வசதி, அறமல்ல என்பேன். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். நாடுகள் எடுக்கவில்லை.

கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் நிக்காஹ் அன்று, மனைவியின் வாப்பா உள்ளே போய் மகளிடம் சம்மதம் கேட்டுவிட்டு வந்து, "புள்ள ஒண்டும் செல்லல்ல. அப்ப சம்மதம்தான்" என்றார். சபை ஏற்றுக்கொண்டது. பல வருடங்களுக்குப் பிறகு, அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று மனைவியிடம் கேட்டேன்.

"தொண்ட அடச்சிப் போய்ட்டு, கத வரல்ல," என்றாள். "இப்ப என்னத்துக்குக் கேக்கிறீங்க? அப்பீல் போடவா?"

அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருடமாகிறது.

வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. எங்கள் ஒரே மகளின் கல்யாணத்தில், ஊர் வழக்கப்படி அதை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு நாங்கள் பின்னறைக்கு மாறினோம். இங்கே ஆணுக்கு வீடு கிடையாது. மனைவியின் வீட்டில் வசிக்கும் அனுமதிதான் உண்டு. மனைவி பக்கவாதத்தில் விழுந்தபோது, கட்டிலிலிருந்து குளியலறை வரை அவள் பிடித்து நடக்கச் சுவரில் ஓர் இரும்புக் குழாயை நானே பொருத்தினேன். அதுவரை ஓர் ஆணியும் அடித்தறியாதவன். குழாய் சற்றுக் கோணலாக அமைந்துவிட்டது.

"உலகத்துக்கே நியாயம் கதைக்கிற ஆளுக்கு ஒரு கம்பிய நேரா வெக்கத் தெரியா," என்று சிரித்தபடி அதைப் பிடித்து நடந்தாள். அவள் கை பதிந்த இடங்களில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது.

சென்ற மாதம் மகளின் குடும்பத்துக்குக் கனடா விசா வந்தது. வீட்டை விற்றால்தான் அங்கே காலூன்ற முடியும். ஒரு மத்தியானம் மகள் தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வாப்பா, ஊட்டப் பாக்க அஸருக்கு ஆள் வருது. நீங்க வேணாம் எண்டா நாங்க விக்கல்ல. அதுக்கு முதல் செல்லுங்க."

ஒற்றை நாட்டின் கையில் வீட்டோ என்னும் தடுப்பதிகாரம் இருப்பதே அநீதி என்று பக்கம் பக்கமாக எழுதியவனிடம் அதைக் கொண்டுவந்து தந்துவிட்டாள்.

சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த என் தங்கையின் கணவர் பக்கத்தில் இருந்தார். "என்ன மச்சான் யோசின? எங்கட ஊட்டுக்கு வாங்க, அது உங்கட தங்கச்சிட ஊடுதானே. இல்லாட்டி ஒரு நிக்காஹ் முடிப்பம். புது ஊடும் சேந்து வரும்."

மகள் முறைத்தாள். அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் மகள் விசாவை மடித்து வைத்துவிடுவாள், எனக்குத் தெரியும். ஓம், விற்கலாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள் போலும். தேநீர் ஆறிப் பாலாடை படிந்தது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டுத் திரும்பியபோது, வீடு பார்க்க வந்தவர் அறைகளை அளந்துகொண்டிருந்தார்.

மரியாதையான மனிதர். பின்னறைக்கு வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். "இதக் கழட்டிரலாம், என்ன சேர்?"

"ஓம்," என்றேன். துளைகளைச் சீமெந்தால் அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். வீட்டைப் பற்றி அன்று நான் பேசியது அவ்வளவுதான்.