காது கேளாத கிரேக்கன்

பதினோரு வயதுவரை, பழங்காலத்துப் போர் ரேஷன் கடை வரிசை மாதிரி நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதிரிகள் நூறு பேர் வந்தாலும் ஒவ்வொருவராகத்தான் முன்னால் வருவார்கள். தங்கள் முறை வரும்வரை மற்றவர்கள் ஓரமாக நின்று உறுமிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அப்படித்தான் காட்டினார்கள். சரித்திரப் பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். அப்படி எழுதியவன்தான் இன்று பண்டைய போர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் தாம்பரத்தில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கிரேக்கர்களுக்கும் பாரசீகர்களுக்கும் சண்டை. நான் கிரேக்கத் தளபதி. மற்றவர்களுக்கு அட்டையில் தலைக்கவசம். தளபதிக்குமா அட்டை? டிவியில் பார்த்ததை நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டு, பம்மலில் பீரோ பட்டறை வைத்திருந்த மாமாவிடம் ஓடினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப்பை எடுத்து என் மண்டையை அளந்தார்.

"ஸ்கூல் டிராமாதானடா? இல்ல, நெஜமாவே யாரையாவது அடிக்கப் போறியா?"

சாயங்காலம் விழா தொடங்கச் சற்று முன்னால்தான் கவசம் கைக்கு வந்தது. பீரோத் தகடு, பீரோவுக்கு அடிக்கும் அதே பச்சை பெயின்ட். மாட்டியதும் உலகம் நின்றுபோனது. கண்ணுக்கு இரண்டு கீற்று, மூக்குக்கு ஒரு பட்டை. என் மூச்சு எனக்கே பிரஷர் குக்கர் மாதிரி கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. கழற்றியிருக்கலாம். கழற்றினால் தளபதி யாரென்று எப்படித் தெரியும்?

ஏற்பாடு இதுதான்: எட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக மேடையின் முன்விளிம்பை நோக்கி நடப்போம், டமாரம் அடித்ததும் நின்று வலப்பக்கம் திரும்புவோம். டமாரம் அடித்தது. ஏழு பேர் நின்றார்கள். நான் நடந்தேன். பெஞ்சுகளை அடுக்கிக் கட்டிய மேடை. கீழே முதல் வரிசையில் தலைமை ஆசிரியரும் சிறப்பு விருந்தினரும். விளிம்பு என் கீற்றுக்குள் வரவில்லை.

என் இடப்பக்கம் நின்றவன் பம்மல் பையன். அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. எங்கள் எல்லோருக்கும் இடுப்பில் கட்டத் தோல் வார் கொண்டுவந்தவன் அவன்தான். என் வாரைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பு. அதற்குள் என் ஒரு கால் காற்றில் இருந்தது. கவசத்தில் வாயை ஒட்டிவைத்துக் கத்தினான்: "டேய் பேமானி, எங்கடா போய்கினு கீற? கீழ ஹெச்செம் குந்திகினு கீறாரு!"

நாடகம் முடியும்வரை அவன் வாரை விடவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திருப்பினான், மண்டியிட வேண்டிய இடத்தில் அழுத்தினான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. டிவியில் எந்தத் தளபதியையும் இப்படி மாடு மாதிரி ஓட்டிப் பார்த்ததில்லை. முழுப் பரீட்சை வரை அவனோடு நான் பேசவில்லை.

பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அந்தக் காலத்து வீரன் பாதிக் குருடனாக, பாதிச் செவிடனாகத்தான் வரிசையில் நின்றிருக்கிறான். பக்கத்தில் நிற்பவனின் தோளும் கேடயமும்தான் அவனுக்குக் கண், காது எல்லாம். திரையில் மட்டும் நாயகன் போர் சூடுபிடித்ததும் கவசத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறான். அவனுக்குச் சம்பளம் முகத்துக்கு. நான் பதினோரு வயதிலேயே நிஜமான போர்வரிசையில் நின்றிருக்கிறேன். அது தெரியாமல், என்னைக் காப்பாற்றியவனிடம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சிட்லபாக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இதைத்தான் பேசினேன். வாரை விடாதவனுக்கு நன்றி சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் விசில் அடித்தான். முன்வரிசையில் இருந்த மாமாவுக்கும் நன்றி சொன்னேன். எந்தப் படத் தயாரிப்பாளருக்கும் வராத துணிச்சலோடு, அசல் கிரேக்கக் கவசம் போலவே காதை முழுக்க மூடிச் செய்தவர், பழைய உலகம் என் மண்டையில் இறங்கியது அவரால்தான் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல கைதட்டல்.

காபி குடிக்கும்போது மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"காதுக்கு ஓட்டை போடறதாத்தான்டா இருந்தேன். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கரன்ட் வரல."