கேமரா பிடித்த கூழைக்கடா

கடலோர ஊரான செலஸ்தூனில் கல்யாணமோ ஞானஸ்நானமோ, படமெடுக்க எவெலியோ கன்ச்சேயைத்தான் கூப்பிடுவார்கள். மணமக்கள் சொன்ன இடத்தில் நிற்பார்கள். சிரி என்றால் சிரிப்பார்கள். பூநாரைகளும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில்தான் வினை ஆரம்பித்தது.

படகோட்டிகள் சங்கம் துறையில் ஒரு பெரிய பலகை வைக்கத் தீர்மானித்தது. அதில் பறக்கும் பூநாரைக் கூட்டம் இருக்க வேண்டும். "அதென்ன பெரிய விஷயம்? ஒரு காலைப்பொழுது வேலை" என்று எவெலியோ எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் அவருக்குக் காது சிவக்கிறது.

நீளமான பழைய லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மனைவியின் தம்பி வில்பெர்த்தின் படகில் உப்பங்கழிக்குள் போனார். பூநாரைகள் எழுந்தன. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் முனகித் தேடிவிட்டு, பின்னாலிருந்த அலையாத்தி மரங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. படத்தில் இலைகளை எண்ணலாம். பறவைகள் மட்டும் யாரோ ரோஜாநிறச் சாயத்தைக் கையால் இழுத்துவிட்ட மாதிரி இருந்தன.

"இன்னிக்கும் மரமா?" என்றாள் மனைவி நிதியா, சோள ரொட்டியைக் கல்லில் திருப்பியபடி.

"மரந்தான். ஆனா நல்ல மரம்."

"பேசாம பலகைல மரத்தையே போடச் சொல்லுங்க. அது பறக்காது, உங்களுக்கும் சௌகரியம்."

கேமராவில் ஃபோகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார். பறவை அதற்குள் நிற்கவில்லை. எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டார். கேமரா வில்பெர்த்தைத் தேர்ந்தெடுத்தது.

"மச்சான், என் மூக்கு மருகூடத் தெரியுது. பறவையத்தான் காணோம்!"

ஊரில் லென்ஸைத் திட்டித் தீர்த்தார். தன் விரல் தாமதமாக அமுக்குவது அவருக்குத் தெரியாமல் இல்லை.

பலகைக்குப் படம் கொடுக்கவேண்டிய நாளன்று, கூட்டம் நேராக அவர் தலைக்கு மேலே வந்தது. ஃபோகஸும் பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கி அமுக்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு கூழைக்கடா குறுக்கே பாய்ந்தது. கேமரா பூநாரைகளைக் கைவிட்டுவிட்டு அதன்மேல் தாவியது. இறகு இறகாக, கண்ணின் பளபளப்போடு, கூழைக்கடா அப்படியே படத்தில் விழுந்திருந்தது. அதன் பின்புறத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த எச்சமும்தான்.

சங்கத்தில் படத்தை மேசைமேல் வைத்தார். "பூநாரை என்னால ஆகாது. நிக்கற ஆளுங்களயே எடுத்துப் பழகின கை. பறக்கறதுல இது ஒண்ணுதான் தெளிவா வந்துச்சு. அதுவும் நான் எடுக்கல, கேமராவா எடுத்துக்கிச்சு."

தலைவி தோமாஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "ஏம்ப்பா, இது நம்ம படகுல மீன் திருடற தடியன் இல்ல?"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. இதைத்தான் வைக்கவேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் பிடிவாதம் பிடித்தார்கள். வைத்தும்விட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் அந்தப் பலகையின்கீழ், எச்சத்துக்குக் குடை பிடித்து நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பவர்களிடம் எவெலியோ உண்மையைத்தான் சொல்கிறார். ஒருவரும் நம்புவதில்லை. எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள்.