குழாய் நிறையும் நேரம்

வடகரப்பதி மாரப்பன் உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுகிற ஆள். இந்தக் கோடையில் அந்தக் கால் ஓரிடத்திலும் தரிக்கவில்லை. பாகற்பந்தலின் கடைசிச் சால்கள் வாடிக்கொண்டே வந்தன. பிஞ்சு பிடித்திருக்கும் நேரம். காய்ந்தால் இந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான்.

கிணறு பங்காளி சிவப்பிரகாஷோடு கூட்டு. ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று தண்ணீர் முறை. மாரப்பனுக்கு ஓர் ஏக்கர், சிவப்பிரகாஷுக்கு மூன்று. நிலம் கூடினால் நேரமும் அதே கணக்கில் கூடும். ஆறாவதோடு நின்றவருக்கும் நேர்விகிதம் புரியும். பின்னே தன் முறையில் கடைசிச் சால் வரை எட்டாமல் தண்ணீர் எங்கே போகிறது? “என் முறையில சிவா வால்வைத் திருப்பிக்கறான்” என்று டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த முறையன்று கையும் களவுமாகப் பிடிக்க, மனைவி சின்னத்தாயியைப் பந்தலில் குழாய் முனையருகே நிறுத்தினார். தான் கிணற்றடியில் மோட்டாரைப் போட்டு வால்வுக்குக் காவல் நின்றார். ஒருவரும் வரவில்லை. செல்போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வந்துதா?”

“காத்துத்தானுங்க வருது.”

“இப்ப?”

“வந்தா நானே சொல்ல மாட்டனுங்களா? சும்மா நொய்நொய்ங்காதீங்க.”

தண்ணீர் வர இருபது நிமிடம் ஆனது. மோட்டாரை நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் குழாய் நிறைய வேண்டும். சிவப்பிரகாஷின் குழாயும் அதே நீளம். அவனுக்கும் அதே இருபதுதான் வீண். வரப்பில் நடந்தபடியே கணக்குப் போட்டார். தனக்குப் பாய்வது நாற்பது நிமிடம். அவனுக்கு நூற்று அறுபது. ஒன்றுக்கு மூன்று என்று பேசினார்கள், ஒன்றுக்கு நான்காகப் பாய்கிறது. ஏக்கருக்கு ஒரு மணி, அதற்கு மேல் குழாய் நிறைய ஆளுக்கு இருபது நிமிடம் என்று கூட்டினால்தான் நேராகும்.

ஆக, திருட்டே இல்லை. இப்போது அதுதான் அவரை அரித்தது. நேராகச் சிவப்பிரகாஷ் வீட்டு வாசலுக்குப் போனார்.

“திருடங்கிட்டயே தண்ணி கேக்க வந்துட்டீங்களாண்ணா?”

“வாய் தவறிப்போச்சு சிவா. குழாய் நெறையவே இருபது நிமிசம் போயிருது. நீயே வந்து பாரு.”

“டீக்கடையில சொன்னதை அங்கயே மாத்திச் சொல்லுங்க. அப்பறம் வர்றேன்.”

மாரப்பன் சொன்னார். கடையே சிரித்தது.

அடுத்த முறைக்குச் சிவப்பிரகாஷ் வந்து குழாய் முனையில் குந்தினான். குழாய் செருமியது, காற்றைத் துப்பியது, கடைசியில் தண்ணீரைக் கொட்டியது. சிவப்பிரகாஷ் செல்போனில் நேரம் பார்த்தான்.

“இப்ப இருந்துதானுங்ணா உங்க மணி.”

மாரப்பன் அதற்குள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.