மன்னிப்புக் கடிதத்தில் என் கையெழுத்து

என் கணவர் வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு அவரைக் கட்டி வைத்தபோது கள்ளுக்கடை மறியலில் ஏற்கெனவே இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்திருந்தார். பிறகு ஜில்லா போர்டு மெம்பர் ஆனார். அதன்பின் சட்டசபைக்கும் போனார்.

அவர் சட்டசபைக்குப் போன வருஷத்தில்தான் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். மாலை போட்டு, வண்டியில் உட்கார வைத்து, மேளத்தோடு அவரை ஊருக்குள் அழைத்து வந்தார்கள். மூன்றாம் நாள், கள் இறக்கும் பிழைப்புப் போன மரமேறிகள் வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

கள்ளு வருமானம் போனதற்கு ஈடாக விற்பனை வரி வந்தது. இவரும் அதற்குக் கை தூக்கினார். "நம்மாளே நம்ம வயித்துல அடிச்சுட்டாருங்க" என்று ராசிபுரத்தில் ஜவுளி வியாபாரம் செய்த என் அண்ணனே என் காதுபடச் சொன்னார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு அதெல்லாம் பழகியிருந்தது.

யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு எதிராக மேடையில் பேசினார் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான்கு மாதம் கழித்து அவளுக்கு விஷ ஜுரம் கண்டது. சேலத்து டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டாம் முறை போகும்போது, "அப்பாவை வரச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

சேலத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன்.

"விடச் சொல்லி சர்க்காருக்கு மனு போட்டுப் பாக்கலாம் அம்மணி. நடந்ததுக்கு வருத்தப்படறாரு, இனி இந்தக் காரியத்துல சேர மாட்டாருன்னு எழுதோணும்" என்றார்.

"அவரு எழுத மாட்டாருங்க."

"அப்ப நீங்க போடுங்க. அவரு சார்பா சம்சாரம் கேக்கறாப்பல எழுதறேன்."

அவர் இங்கிலீஷில் எழுதியதன் கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்று சொல்ல முடியாது. காகிதத்தை நீட்டினார், போட்டேன்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம் அவர் வந்தார். நான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மகளைப் புதைத்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். அவள் போனதை எழுதி ஜெயிலுக்குக் கடிதம் போட்டிருந்தோம். அது அவர் கைக்குப் போகவில்லை.

"பாப்பா எங்க?" என்றார்.

"போயிட்டாளுங்க" என்றேன்.

செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வாயில் வந்தது, "சோறு போடட்டுங்களா?" என்பதுதான்.

ஒரு வாரத்துக்குள் பேச்சுக் கிளம்பியது. மற்றவர்கள் உள்ளே இருக்க, இவர் மட்டும் எப்படி வெளியே வந்தார்? மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. கட்சியின் ஜில்லாக் கமிட்டி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. போகிற அன்று, சாப்பிடும்போது கேட்டார்.

"என்ற பேர்ல அந்த மன்னிப்பை யாரு எழுதுனது?"

"வக்கீல் எழுதுனாருங்க. கையெழுத்து நான் போட்டேன்."

மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

கூட்டத்தில் நடந்ததை, அவரோடு போயிருந்த என் அண்ணன் வந்து சொன்னார். எழுந்து நின்று, "நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாராம். வேறு எதுவும் சொல்லவில்லையாம். கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ எழுதுனேன்னா நம்ப மாட்டாங்க. நம்புனாலும் உன்னையப் பேசுவாங்க. பேசறது என்னையவே பேசட்டும்."

மரத்துப்போன காலின்மேல் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. வைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, தொட்டது தெரியவில்லை.

யுத்தம் முடிந்து தேர்தல் வந்தது. அவருடைய இடத்தில் வேறொருவரை நிறுத்தினார்கள். அவரிடம் சொல்லாமல் நான் பஸ் ஏறிச் சேலம் போய், கட்சித் தலைவர் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரே ஒத்துக்கிட்டாருங்களே அம்மணி. இனி இதைக் கிளறி யாருக்கு என்ன?" என்றார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

"எங்க போயிருந்த?" என்று கேட்டார் என் கணவர். சொன்னேன்.

"என்ன சொன்னாங்க?"

"விடுங்கன்னாங்க."

"செரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

சுதந்திரம் வந்த அன்று பள்ளிக்கூடத்து வாசலில் கொடி ஏற்றினார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாமென்றும் சொல்லவில்லை. கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றார். நான் பெண்கள் பக்கம் நின்றேன். கொடி ஏற்றியவர், இவர் ஜெயிலுக்குப் போன நாளில் சர்க்கார் காண்டிராக்டு எடுத்துக்கொண்டிருந்தவர். பேச்சு நீளமாக இருந்தது. இவர் நடுவில் நகரவில்லை. எல்லோரும் கை தட்டியபோது இவரும் தட்டினார். முடிந்ததும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வெயில் ஏறியிருந்தது. வழியில் அவர், "மத்தியானத்துக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.