ஆமென் சொல்லியும் நிற்காத ஜெபம்

போன வருடம் மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மும்பை தாராவியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு நர்ஸம்மாவின் வீட்டில் ஜெபக்கூட்டம். ஒரே அறை. பாய் விரித்து, முழங்காலோடு முழங்கால் இடிக்க ஒரு பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். எழுபது வயதுக்கு மேல், படித்த ஒருவன் எவ்வளவு பெரிய முட்டாளாக முடியும் என்பதை அன்றைக்கு எல்லோருக்கும் நான் காட்டினேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் படித்தேன். ஓர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று, செம்பூரில் இருக்கிறேன். எங்கள் குழுவில் எனக்கு ‘நல்லா ஜெபிப்பார்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், ஆண்டவருக்குக் கேட்கிறதோ இல்லையோ, கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் ஜெபிப்பேன்.

எங்கள் குழுவில் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் கவுன்டர் வேலை. கணவர் கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டு வீட்டில் இருந்ததால், அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அந்த வாரம் எனக்குப் போன் செய்து அழுதாள். லேபில் சூப்பர்வைசர் நோயாளிகள் முன்னாலேயே கத்துகிறாராம். மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை லீவே கிடையாதாம். கோயிலுக்கு வர முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுப்புகிறார்.

“மாமா, என்னைக்காவது அவர் மூஞ்சிக்கு நேரா கத்திட்டு, வேலைய விட்டுட்டு வந்துருவேனோன்னு பயமா இருக்கு. அப்படி ஆயிட்டா வீட்டுல என்ன செய்ய? கோபப்படாம, நிதானமா அவர்கிட்ட பேச எனக்குத் தைரியம் வேணும். அதுக்கு மட்டும் ஜெபம் பண்ணுங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க மாமா.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் இன்னும் வந்திருக்கவில்லை. ஷிஃப்ட் முடியவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். நர்ஸம்மா புதிதாக ஒருவரை அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை நனைந்திருந்தது. நாள் கணக்காகத் தூங்காத கண்கள்.

“இவங்க அம்மா மூச்சுத் திணறலோட எங்க வார்டுல சீரியஸா இருக்காங்க. இவங்க நம்ம கோயில் ஆட்கள் இல்ல. ஆனா அம்மாவுக்காக ஜெபம் பண்ண முடியுமான்னு கேட்டாங்க. நான்தான் வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன்” என்றார்.

அவருக்குக் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “சும்மா கண்ண மூடிக்கிட்டா போதும் தம்பி” என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு.

முதலில் அந்தப் பெண்ணுக்காக ஜெபித்துவிட்டு, பிறகு அவருடைய தாயாருக்காக ஜெபிக்கலாம் என்று ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதானே வாக்கு? ஆண்டவரிடம் சொல்வது இன்னொருவரிடம் சொல்வதாகுமா? இப்படித்தான் என் மனசாட்சி என்னிடம் வாதாடியது. பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எந்த ஸ்டேஷன், என்ன லேப், எந்தக் கவுன்டர் என்று எல்லாவற்றையும், ஆண்டவருக்கு விலாசம் தெரியாதது போல விளக்கமாகச் சொன்னேன். போகப் போகக் குரல் ஏறியது. அந்த சூப்பர்வைசரை, பைபிளில் இஸ்ரவேலரை அடிமைகளாக வாட்டிய ராஜா பார்வோன் என்றேன். கல்நெஞ்சன் என்றேன். அதுவும் போதாமல், “சாப்பிடுகிற டப்பாவைத் தூக்கி எறிந்தானே ஆண்டவரே!” என்று ஒரு போடு போட்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. வாக்கியத்துக்கு அழகாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

வாசல் பக்கமிருந்து “ஆமென்!” என்று ஒரு சத்தம். அவள் குரல்தான். வந்துவிட்டாள். எவ்வளவு உருக்கமாக ஆமோதிக்கிறாள் என்று எனக்குப் புல்லரித்தது. இன்னும் வேகமாகப் போனேன்.

“ஆமென், மாமா! ஆமென்!”

செங்கடலில் மூழ்கிய பார்வோனுடைய தேரைப் போல இவன் தேரின் சக்கரங்களும் கழன்று விழட்டும் என்றேன். அவள் திடீரென்று ஒரு பாட்டையே ஆரம்பித்தாள். யாரும் சேர்ந்து பாடவில்லை. நான் அந்தப் பாட்டுக்கும் மேலே என் குரலை உயர்த்தினேன். கடைசியில் நர்ஸம்மா என் முழங்காலைத் தட்டி, “முடிச்சிருங்க மாமா” என்றார். கண்ணைத் திறந்தேன்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில், குடையைக்கூட மடக்காமல், முகம் வெளுத்து நின்றாள். என் பக்கத்தில் இருந்தவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“ஐயா, நீங்க சொன்ன ஆளு நாந்தான்.”

அவள் ஆமென் சொன்னதும் பாட்டுப் பாடியதும் என்னை நிறுத்தத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். டப்பாவ நான் எறியல” என்றார். பிறகு அவளைப் பார்த்தார். “எறிஞ்சேனா? நீயே சொல்லும்மா.”

அவள் வேலை அந்த நிமிடம் என் நாக்கால் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுவாள், அல்லது மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் குடையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

“எறியல சார். மாமா அத சேர்த்துச் சொல்லிட்டாங்க, தப்புதான். நீங்க மூடி வைன்னுதான் சொன்னீங்க. ஆனா அத்தன பேர் முன்னாடி சொன்னது, எனக்கு எறிஞ்ச மாதிரிதான் சார் இருந்துச்சு.”

அதோடு நிறுத்தவில்லை. “திட்டணும்னா உள்ள கூப்பிட்டுத் திட்டுங்க சார், கேட்டுக்கிறேன். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமையாவது லீவு குடுங்க. மத்தபடி எந்த ஷிஃப்ட்டுக்கும் நான் இல்லன்னு சொன்னதில்ல.”

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை லேபிலேயே கேள்விப்பட்டிருந்த அவள், “சார், உட்காருங்க. அம்மாவுக்கு இன்னும் ஜெபிக்கலயே” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் ஜெபக்கூட்டத்தில் எனக்கு வார்த்தை வராமல் போனது அன்றைக்குத்தான்.

அதுவரை ஒருநாளும் வாய்விட்டு ஜெபிக்காத அவள் ஜெபித்தாள். “ஆண்டவரே, சாரோட அம்மாவுக்கு மூச்சுத் திணறல் குறையட்டும். சாருக்குத் தூக்கம் குடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் நாளைக்கு அதே லேப்லதான் வேலை, அதையும் பார்த்துக்கோங்க. ஆமென்.” அவ்வளவுதான். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். நர்ஸம்மா எல்லோருக்கும் சாயா கொண்டுவந்தார். என் கையில் கொடுக்கும்போது மட்டும், “இதையாவது சீக்கிரம் முடிங்க மாமா” என்றார்.

மறுநாள் மனம் கேட்கவில்லை. சர்க்கரை பார்க்க வந்ததாகச் சாக்கு வைத்துக்கொண்டு அந்த லேபுக்குப் போனேன். கவுன்டரில் அவள் இருந்தாள். அவளிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். “இனிமே எனக்காக ஜெபிக்கணும்னா மனசுக்குள்ள ஜெபிங்க மாமா. அவருக்குக் கேக்கும்” என்று மேலே கையைக் காட்டினாள்.

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் வந்தார். “வாங்க ஐயா, வாங்க. பார்வோன் யாருன்னு இந்தப் பிள்ளைட்ட கேட்டேன். தண்ணிக்குள்ள முங்கிப் போயிட்டானாமே? இந்த மும்பை மழையில இப்படியா ஐயா சாபம் விடுதது!”

நான் கையைக் கூப்பினேன். அவர் என் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“பயப்படாதீங்க. ஜெபத்துக்கு ஊசியில பதில் சொல்ல மாட்டேன்.”

உண்மையாகவே வலிக்கவில்லை. அவருக்கு நல்ல கை.

அவருடைய அம்மா அந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் இன்னும் அதே லேபில்தான் இருக்கிறாள். அவர் முழுக்க மாறிவிட்டார் என்று சொன்னால் மறுபடியும் நான் சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடும். இப்போதும் கத்துகிறார், ஆனால் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளைக் கோயிலில் பார்க்கிறோம். சாப்பாட்டு நேரத்தில் நோயாளி வந்தால் அவரே கவுன்டரில் உட்கார்ந்துகொள்கிறாராம்.

இப்போது யாராவது வேலை செய்யும் இடத்தில் கஷ்டம் என்று வந்தால், நான் பேசுவதைக் குறைத்துவிட்டு, “ஆண்டவரிடம் என்ன கேட்கட்டும்?” என்று மட்டும் கேட்கிறேன். என் கூச்சல் அத்தனையையும் தாண்டி, அவள் போனில் மெதுவாகக் கேட்ட அந்தத் தைரியம் ஆண்டவர் காதில் விழுந்திருக்கிறது. வெட்கமும் சந்தோஷமுமாக அதை நினைக்காமல் இன்றுவரை ஒரு ஜெபத்தையும் நான் ஆரம்பித்ததில்லை.