கோட்டில் விழாத சத்தம்

ஹம்னாவைத் தெருவில் "இரும்பைப் பிய்க்கிற புள்ள" என்பார்கள். தென்காசியில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கம்பி, சங்கிலி, கொக்கி எது வந்தாலும் இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். "அவகிட்ட வாயக் குடுத்தா பிச்சுப்புடுவா" என்று கணவன் மன்சூர் கேலி பேசுவான். துபாயிலிருந்து திரும்பி அவன் சும்மா இருந்த மாதங்களில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இயந்திரம் புதிது, கம்ப்யூட்டர் பழையது. பாரத்தை அளக்கும் கருவி விநாடிக்கு இரண்டாயிரம் அளவுகளை அனுப்பும். அவை பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வந்து விழ, மென்பொருள் அங்கிருந்து அள்ளித் திரையில் கோடாக வரையும். கம்ப்யூட்டர் அள்ளுவதற்குள் பஃபர் நிரம்பிவிடும். திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். வாடிக்கையாளர் முன்னால் அது வந்தால் முதலாளி முத்துச்செல்வத்தின் முகம் சுருங்கும். போன வருடம் ஹம்னா அதற்கு ஒரு வழி கண்டாள். விநாடிக்குப் பத்து அளவு போதும் என்று குறைத்து வைத்தாள். சிவப்பு நின்றது. கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி வந்தது. முதலாளி எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கித் தந்தார்.

இந்த சீசனுக்கு முன்னால், குற்றாலத்துப் பக்கம் ஒரு விடுதியின் தொங்குபாலத்துக்கான, நடுவில் வெல்டிங் வைத்த இரும்புக் கம்பிகள் சோதனைக்கு வந்தன. அந்தப் பாலத்தில் டிக்கெட் கிழிக்கத்தான் மன்சூரை எடுத்திருந்தார்கள். முதல் கம்பியை இழுத்தபோது உள்ளே 'டக்' என்றது. கோட்டில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் அப்படியே.

"மெஷின் பிடியில கம்பி உக்காருத சத்தம்லா அது. கோட்டப் பாரு, வெண்ணெ மாதிரி போகுது" என்றார் முதலாளி.

அவளும் கோட்டைத்தான் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பாலம் திறந்தார்கள். சாரலும் பிடித்துக்கொண்டது. வெங்காயம் நறுக்கும்போதும் கதவைப் பூட்டும்போதும் அந்தச் சத்தம் காதுக்குள் வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது: பிடியில் உட்காரும் சத்தம் இழுக்க ஆரம்பிக்கும்போதே வந்துவிடும். இது முடியும் தறுவாயில் அல்லவா வந்தது?

தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சோதனைக்கூடத்தைத் திறந்தாள். மிச்சமிருந்த கம்பி ஒன்று மூலையில் கிடந்தது. அளவெடுக்கும் வேகத்தை மறுபடி இரண்டாயிரமாக்கினாள். பஃபரைப் பெரிதாக்கினாள். இழுத்து முடியும்வரை கோடு வரையாதே, வருவதையெல்லாம் எழுதி மட்டும் வை என்று மாற்றினாள். வரைகிற வேலைதான் கம்ப்யூட்டரைத் திணறடித்திருக்கிறது. ஒரு வருடமாக அது தோன்றவில்லை.

இழுத்தாள். டக். சிவப்பு வரவில்லை.

பிறகு வரைந்த கோட்டில், உச்சிக்குச் சற்று முன்னால் செங்குத்தாக ஒரு பள்ளம் விழுந்து, கோடு மறுபடி ஏறியிருந்தது. விநாடிக்குப் பத்து அளவில், கண் சிமிட்டும் நேரம்கூட நீடிக்காத அந்தப் பள்ளம் அகப்பட்டிருக்கவே செய்யாது. கம்பியைக் கழற்றி வெல்டிங் இருந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினாள். மயிரிழை அளவில் விரிசல்.

மன்சூரைக் கூப்பிட்டாள். போனில் தண்ணீர் இரைச்சலும் கூட்டமும் கேட்டன.

"பாலத்துல ஆளு நிக்காவளா?"

"கால் வைக்க எடமில்ல. சாரல்ல நின்னு போட்டோ எடுக்காவ. ஏன்?"

"எல்லாரையும் எறக்குங்க."

"ஏட்டி, வெளாடுதியா? நீ இழுத்துப் பாத்த கம்பிதான? ஆளு கூடுனா டக்கு டக்குங்கும், அம்புட்டுதான்."

"அந்தச் சத்தத்தத்தான் சொல்லுதேன். நான் போட்ட கையெழுத்து தப்பு. எறக்குங்க."

அவன் ஊதிய விசில் நீளமாகக் கேட்டது. யாரோ காசு கொடுத்துத்தானே ஏறினோம் என்று சண்டைக்கு வந்தார். பலகைகளில் காலடிகள் தடதடத்து ஓய்ந்தன. அதன்பின் அந்தச் சத்தம் வந்தது. இந்தமுறை அது நீளமாக இருந்தது. முடிந்ததும் தண்ணீர் மட்டும் இரைந்தது.

"ஹம்னா," மன்சூருக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் எறங்கிட்டாவ. பாலம் ஒருச்சாஞ்சு தொங்குது."

எதிரே அலமாரியில் ஒரு வருடத்துச் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. பாவூர்சத்திரத்தில் மூட்டை தூக்கும் கொக்கி. கடையத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஊஞ்சல் சங்கிலி. எல்லாவற்றிலும் கோடு வெண்ணெய் மாதிரி போனது.